போறேன் என்று யாரும் சொல்வதில்லை

மாசி 2, 06:00. வழக்கமான பதிவு

மின்கலம் சரி. சூடு சரி. ஆன்டெனா மூன்றும் சனியை நோக்கி நிற்கின்றன. வளையத்தில் ஒன்பது படகுகளும் பனி வெட்டிக்கொண்டிருக்கின்றன. உயிரோடு உள்ள கிளைகள் நான்கு. குடிநீர்க் குழாயில் கசிவு இருந்தது. இறுக்கினேன்.

இந்தக் குறிப்பேடு எனக்குப் பின் இங்கே வருபவருக்காக. தலைமையகம் தந்த கையேட்டைப் படித்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை செய்துதான் விளங்கியது. ஆகவே என் சொற்களில் எழுதிவைக்கிறேன்.

வளையத்தில் எந்தப் படகும் ஓரிடத்தில் நிற்பதில்லை. யார் எங்கே மிதக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பேச விரும்புகிறவர் கூடலுக்குப் பேசுகிறார். கேட்க விரும்புகிறவர் கூடலிடம் வந்து சொல்லிவைக்கிறார். இரண்டும் இங்கே சந்திக்கின்றன. நிலையத்தின் பெயரே அதுதான். பேச்சு ஒரு பிரதியாக வரும். எத்தனை திசையில் கேட்பவர்கள் இருக்கிறார்களோ அத்தனை கிளையாகப் பிரிந்து போகும். ஒரு திசையில் கேட்பவர் ஒருவர்கூட இல்லையென்றால் அந்தத் திசையில் கூடல் எதையும் அனுப்பாது. வெறும் வெளியைப் பார்த்துப் பேசாது.

முதல் பேச்சு காதில் விழுந்ததும், பேசியவர் எங்கே இருக்கிறார் என்பது கேட்டவரின் படகுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு படகும் குறுக்கு வழியில் நேராகப் பேசிக்கொள்ளலாம். கூடல் டைட்டனின் சுற்றுப்பாதையில் இருக்கிறது. வளையத்திலிருந்து குரல் இங்கே வர நான்கு விநாடி, திரும்பிப் போக நான்கு விநாடி. குறுக்கே போனால் ஒரு விநாடிகூட இல்லை. நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் என் வழியாக யாரும் பேச மாட்டார்கள்.

இனி கையேட்டில் இல்லாத விஷயம். கேட்க வருபவர் படகிலிருந்து 'வாரேன்' என்று ஒரு சொல் அனுப்ப வேண்டும். விலகுபவர் 'போறேன்' என்று அனுப்ப வேண்டும். தடித்த கையுறையோடு பொத்தான் அமுக்க முடியாது என்பதால் குரல். முதலில் 'இணைக', 'விலகுக' என்று வைத்திருந்தார்களாம். படகுக்காரர்கள் சிரித்ததால் பேச்சுத்தமிழுக்கு மாற்றினார்கள். மாற்றியவர் நம் பழக்கம் அறியாதவராக இருக்க வேண்டும். படகுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். கடலுக்குள் இறங்குகிற வீட்டில் எவர் வாயிலாவது 'போறேன்' என்று வருமா? விலகும்போதும் 'வாரேன்' என்றே சொல்கிறார்கள். இயந்திரம் அதை இன்னொரு சேர்க்கை என்று எழுதிக்கொள்கிறது.

ஆகவே ஒவ்வொரு வாரேனையும் நான் காதால் கேட்கிறேன். வருகிற வாரேனில் 'வா' நீளும். போகிற வாரேனில் 'ரேன்' இறங்கும், பின்னால் ஒரு சின்ன மூச்சு இருக்கும். போகிறது என்றால் கிளையைக் கையால் வெட்டுகிறேன். இதுவரை தவறியதில்லை. வெட்ட எனக்கு அதிகாரம் உண்டு. சேர்க்க இல்லை. சேர்க்கை எப்போதும் கேட்பவர் பக்கமிருந்துதான் வரவேண்டும்.

ஒருமுறை வந்தால் போதாது. அரை மணிக்கு ஒருமுறை அந்தச் சொல் மறுபடி வரவேண்டும். மூன்று முறை வராவிட்டால் கிளை தானாக உதிரும். எல்லாரும் ஒருமுறை சொல்லிவிட்டு மறுசொல் விசையைத் தட்டிவிடுவார்கள். படகே அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஏழாம் படகு மட்டும் அந்த விசையைத் தொடுவதில்லை.

மாசி 5, 11:20. ஒலிப்பதிவுடன்

கிளைகள் ஐந்து. அதில் ஒன்றை இப்போதுதான் வெட்டினேன். காரணத்துக்காக ஒலிப்பதிவை இங்கே எழுதுகிறேன். நான்காம் படகின் தலைவி பிலோமி, ஆறாம் படகைத் தேடினார்.

"ஏட்டி கூடலு, ஆறாம் படகு எங்கன கெடக்கான்? வடம் தாரேன்னு சொன்னவன ஆளையே காணோம்."

"கத்தாதக்கா, இங்கனதான் கெடக்கேன். ஓஞ் சத்தத்துல பனியெல்லாம் உருகுது."

"ஆம்பிட்டுட்டியால? இனி நேராவே பேசிக்கிடுதோம். கூடலு, நீ கல்யாணத் தரகு மாதிரிட்டி. பொண்ணும் மாப்பிள்ளையும் மொகம் பாத்தாச்சுன்னா தரகர எவன் தேடுதான்? பந்தியில எலகூட கெடைக்காது. வாரேன்."

போகிற வாரேன். வெட்டினேன்.

உடனே ஏழாம் படகு பேசியது. அது ஒற்றை ஆள் படகு. ஓட்டுபவர் ததேயு, பிலோமியின் தம்பி.

"எல கெடைக்கலன்னா எந்தட்டுல பாதி தாரேன் கூடலு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாத."

நான் பேசுவதற்கு முன் எப்போதும் தாளில் எழுதிக்கொள்வேன். கல்லூரியில் வருகைப் பதிவுக்குப் 'பிரசன்ட்' சொல்வதற்கே அப்படித்தான், மனத்துக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்ப்பேன். இப்போது 'நன்றி, ஏழாம் படகு' என்று எழுதினேன். மைக்கின் விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டேன்.

மாசி 9, 09:00. கிளை ஆய்வு

ஏழாம் படகின் கிளையைப் பற்றி ஒரு குறிப்பு. இரண்டு மாதமாக அந்தப் படகுக்கு மற்ற எட்டுப் படகுகளின் இருப்பிடமும் தெரியும். குறுக்கு வழி திறந்தே இருக்கிறது. ஆனாலும் அது எல்லாப் பேச்சையும் கூடல் வழியாகவே கேட்கிறது. நகைச்சுவைக்கு எட்டு விநாடி கழித்துச் சிரிக்கிறது. மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு அந்தச் சிரிப்பு வந்து விழும்.

இதைக் கவனித்தது நான் மட்டுமல்ல.

"ஏலே ததேயு, குறுக்கால வழி கெடக்கச்ச ஏம்ல சுத்திக்கிட்டு அலையுத?"

"சுத்தி வந்தாத்தாம்யக்கா சொகம்."

"என்ன சொகம்? அந்தப் புள்ள 'செய்தி பெறப்பட்டது'ங்கும். அத விட்டா ஒரு வார்த்த உண்டா?"

"அதத்தாம்யக்கா சொல்லுதேன்."

ஆறாம் படகில் யாரோ சீட்டியடித்தார்கள்.

ததேயு வாரேனை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்கிறார். ஒருமுறை வாயில் சோறு இருந்தது. ஒருமுறை தூக்கத்தில் பாதிச் சொல்தான் வந்தது. இயந்திரம் 'அறியாத சொல்' என்றது. ஒருமுறை தெருவில் கீரை விற்கிறவர் கூவுகிற மாதிரி இழுத்தார். எல்லாமே வருகிற வாரேன்கள். நான் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அதற்கு விதிமுறையில் இடமில்லை.

இன்று தலைமையகத்திலிருந்து உத்தரவு: குறுக்கு வழி இருந்தும் கூடலில் தங்குபவர்களை நிலையமே வெட்டிவிட வேண்டும். மின்சாரச் சிக்கனம்.

மாசி 11, 16:10. உத்தரவு நிலுவை

வெட்டுவதற்கு முன் தெரிவிப்பது மரியாதை என்று ஏழாம் படகை அழைத்தேன். தாளில் எழுதியதை அப்படியே வாசித்தேன்.

"ஏழாம் படகுக்குக் கூடல். தாங்கள் குறுக்கு வழிக்கு மாறிக்கொள்ள வேண்டும். உத்தரவு வந்துள்ளது."

எட்டு விநாடி.

"வெட்டப் போறியா?"

"ஆமாம்."

எட்டு விநாடி. அதற்கு மேலும் கொஞ்சம்.

"சரி புள்ள. ஒண்ணே ஒண்ணு. ஓம் பேரச் சொல்லு. மூணு வருசமா நெலையத்துப் பேரச் சொல்லியே கூப்புட்டாச்சு. பேரச் சொல்லிட்டன்னா நீ வெட்டவே வேண்டாம். நானே போறேன்னு சொல்லிட்டு வெலகிக்கிடுதேன். எங்கப்பன், பாட்டன் ஒருத்தன் வாயிலயும் வராத சொல்லு. ஒனக்காவச் சொல்லுதேன்."

வேறு தாள் எடுத்தேன். எழுத உட்கார்ந்தேன். 'குறுக்கு வழியிலே போங்க, சுற்றி வர வேண்டாம்' என்று எழுதினேன். கீழே வேறொரு சொல் எழுதினேன். இரண்டையும் வாசிக்கவில்லை.

"செய்தி பெறப்பட்டது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தது எட்டு விநாடி கழித்து வந்தது.

உத்தரவை நாளை மாலை நிறைவேற்றுவதாகக் குறித்திருக்கிறேன்.

மாசி 12, 13:55. அவசரப் பதிவு

வெளிவளையத்தில் பெரிய பனிப்பாறை ஒன்றின்மீது எங்கிருந்தோ வந்த கல் மோதியது. பாறை சிதறிற்று. இரண்டாம் படகு காவல் படகு. அதிலிருந்து இன்னாசி என்ற பெரியவர் பார்த்தார்.

"எல்லாவனும் மேல ஏறுங்கல! பனி வருது! ஏறு, ஏறு!"

குறுக்கு வழியில் இருந்த ஏழு படகுகளும் ஒரு விநாடிக்குள் கேட்டன. ஏழும் மேலே ஏறிவிட்டன.

நேரங்கள் இயந்திரம் எழுதியவை. நான் எழுதியவை அல்ல.

13:41:07 இன்னாசி கத்தியது.
13:41:11 குரல் கூடலுக்கு வந்தது.
13:41:14 ஏழாம் படகின் சமிக்ஞை அறுந்தது.
13:41:15 என் வழியாகப் போன எச்சரிக்கை ஏழாம் படகு இருந்த இடத்தை அடைந்தது.

மாசி 12, 14:05

ஏழாம் படகிலிருந்து சேர்க்கைச் சொல் வந்தது.

"வாரேன்."

பேசும் ஆன்டெனா போயிருக்கிறது. கேட்கும் பகுதியும், சேர்க்கைச் சொல்லை அனுப்பும் சின்னக் கருவியும் மட்டும் மிச்சம். அந்தக் கருவி கூடலை நோக்கி மட்டுமே அனுப்பும், அரை மணிக்கு ஒரு சொல் மட்டுமே அனுப்பும். வேறு எந்தப் படகுக்கும் அது கேட்காது. எனக்கு மட்டும்தான் கேட்கும்.

சேதி கேட்க மற்ற எட்டுப் படகுகளும் கூடலில் மறுபடி சேர்ந்திருந்தன. ஏழாம் கிளை உயிரோடு இருக்கிறது என்று எல்லாருக்கும் அறிவித்தேன். பிலோமி கத்தினார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

மாசி 12, 17:40

14:35, 15:05, 15:35, அப்படியே 17:35 வரை. ஒவ்வொரு முறையும் வந்தது. நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது எழுதியாக வேண்டும்.

எல்லாமே ஒரே வாரேன். முதலில் இரைச்சலில் கவனிக்கவில்லை. 'ரேன்' இறங்குகிறது. பின்னால் ஒரு சின்ன மூச்சு. ஒவ்வொன்றிலும் அதே இறக்கம், அதே மூச்சு. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஒரே மாதிரிச் சொல்லாதவர். மறுசொல் விசை தட்டப்பட்டிருக்க வேண்டும். அல்லது அடிபட்டபோது தானே விழுந்திருக்க வேண்டும். இரைச்சல் அதிகம், அலைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. காதை மட்டும்தான் நம்ப முடிகிறது.

படகுகளுக்கு உத்தரவு: வளையத்தை விட்டு வெளியேறு. பனிவெட்டு நிறுத்தம். கூடலும் மூடப்படுகிறது. என்னை ஏற்றிக்கொள்ள நாளைக் காலை மீட்புக் கலம் வருகிறது.

பிலோமி வெளியேற மறுக்கிறார்.

"எந்தம்பி கெடக்கான். நான் திரும்புதேன். எம்படகுல என்னையும் சேத்து நாலு பேரு. மத்த மூணு பேரும் வாரோம்ங்கானுவ."

இன்னாசி: "ஏ பிலோமி, சொன்னாக் கேளு. இன்னும் ரெண்டு மணியில அந்த எடத்துக்கு மறுக்கா பனி வருது. போனியன்னா அவனோட அஞ்சு பேரும் சேந்து போவிய."

"இருக்கான்னா போவேன். இல்லன்னாச் சொல்லுங்க. கூடலு! நீ ஒருத்திதான கேக்க. எத்தன வாரேன வெட்டியிருப்ப. எது எதுன்னு ஒனக்குத் தெரியும். சொல்லு. எந்தம்பி வாரானா?"

ஏழாம் கிளையிலும் இந்தப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது. அங்கே காது மட்டும் இருக்கிறது.

'வாரான்' என்று நான் சொன்னால் நான்கு பேர் பனிக்குள் போவார்கள்.

மாசி 12, 18:02. நான் பேசியது

தாளில் எழுதவில்லை. பேசி முடித்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. இயந்திரப் பதிவிலிருந்து:

"நாலாம் படகு, கூடல் பேசுதேன். எம் பேரு மாரிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கம். மூணு வருசமா உங்க எல்லாரோட வாரேனையும் கேட்டிருக்கேன். அக்கா... தம்பி சொல்லுதது வாற வாரேன் இல்லக்கா. போற வாரேன்."

எட்டு விநாடி கடந்தது. பதினாறு கடந்தது.

"நல்லாக் கேட்டியாட்டி?"

"கேட்டேங்க்கா. ஒவ்வொண்ணையும் கேட்டேன்."

பிறகு பிலோமி, கத்தாமல். அவர் கத்தாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஏலே ததேயு. அக்கா வாரேன்ல."

'ரேன்' இறங்கியது. பின்னால் மூச்சு இருந்தது.

நான்காம் படகு வளையத்துக்கு வெளியே போகத் திரும்பிவிட்டது. நான்காம் கிளையை வெட்டினேன்.

மாசி 12, 21:30

எட்டுப் படகுகளும் வளையத்துக்கு வெளியே. எல்லாம் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்கின்றன. என் வழியாக யாரும் இல்லை.

ஏழாம் கிளை மட்டும் இருக்கிறது. இரண்டாவது பனி கடந்த பிறகும் வாரேன் வருகிறது. அதே இறக்கம், அதே மூச்சு. கருவி தப்பித்திருக்கிறது என்று எழுதுகிறேன். வேறு எப்படி எழுத?

நிலையத்தை மூடும் விசையைத் தட்டிப் பார்த்தேன். இயந்திரம் மறுத்தது.

'கேட்பவர்: ஒன்று. மூட இயலாது.'

கிளையைக் கையால் வெட்டினால் மூடும். எத்தனையோ வாரேன்களை வெட்டியிருக்கிறேன். எல்லாமே போகிறவை என்று தெரிந்துதான். இதுவும் தெரிந்ததுதான். கை போகவில்லை.

மாசி 13, 02:15

பேசிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் கிளையில். கேட்பவர் ஒருவர் உண்டு என்று இயந்திரம் சொல்கிறது. இயந்திரத்தை நம்பிப் பேசுகிறேன். நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் அறிந்தால் சிரிப்பார்கள்.

அம்மா தீப்பெட்டி ஒட்டுவதைச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன், வாய்விட்டுப் படிக்க மாட்டேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அதனால் நான் படிக்கிறேனா சும்மா பார்க்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். "என்னட்டி, பொம்ம பாக்கியா?" என்பாள். சனிக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் அவள், "எல்லாரையும் சனி பிடிக்கும், எம்மக போயி சனியப் பிடிக்கா" என்று தெரு முழுக்கச் சொன்னதையும் சொன்னேன். விண்ணப்பத்தில் 'குடும்பத்தில் முதல் பட்டதாரியா' என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதியதைச் சொன்னேன்.

அன்று எழுதி வாசிக்காத தாளை எடுத்து வாசித்தேன்.

"குறுக்கு வழியிலே போங்க, சுற்றி வர வேண்டாம்."

பிறகு கீழே எழுதியிருந்த சொல்லையும்.

"போகாதீங்க."

எட்டு விநாடி காத்திருந்தேன். பழக்கம்.

02:35. வாரேன். அதே.

மாசி 13, 06:20. மீட்புக் கலம் இணைந்தது

கலத்தை ஓட்டி வந்தவர் ஹமீதா. காயல்பட்டினம். எல்லாரும் ராத்தா என்று அழைக்கிறார்கள். அவர் கலத்திலிருந்து பேசியது எல்லாம், கேட்பவர் அனைவருக்கும் பிரிந்து போகும் பொதுக் கிளை வழியாக வந்தது. பொதுக் கிளையில் இப்போது கேட்பவர் ஏழாம் படகு மட்டும். அதை நான் அப்போது நினைக்கவில்லை.

"வாம்மா. எட்டரைக்குக் கெளம்பணும். அதுக்கு மேல நின்னா நம்ம வழி மூடிரும். அடுத்த கலம் ஒரு வருசம் கழிச்சுத்தான். அதுக்கு உனக்கு இங்க காத்தும் இல்ல, சோறும் இல்ல."

"ஒரு ஆள் கேக்குறார் ராத்தா. கேக்குற ஆள் இருக்கும்போது கூடலை மூட முடியாது."

"அது விசை பேசுதும்மா. ஆள் இல்ல. நீயே சொன்னியாமே."

"நான் போற வாரேன்னு சொன்னேன். ஆள் இல்லன்னு சொல்லல."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். போகிற வாரேனைச் சொல்வதற்கு ஆள் இருந்தாக வேண்டும்.

மாசி 13, 07:06

07:05. ஏழாம் படகு. சொல் வந்தது. வாரேன் இல்லை.

இயந்திரம் எழுதியது: 'அறியாத சொல். சேர்க்கை புதுப்பிக்கப்படவில்லை.'

ஒலிப்பதிவு: "செல்வி."

மறுபடி போட்டேன்

செல்வி என்றுதான் சொல்கிறார் மாரிச்செல்வி என்று சொல்ல இடம் போதாது ஒரு சொல்லுக்குத்தான் இடம். குரல் உடைந்திருக்கிறது. புதிய குரல். விசை இல்லை. விசை இருந்ததே இல்லை.

அத்தனை முறையும் அவர்தான் சொன்னார். ஒரே மாதிரிச் சொன்னார். வேண்டுமென்றே ஒரே மாதிரி. அக்கா திரும்பக் கூடாது என்று. நான் கேட்பேன், பிரித்துச் சொல்வேன் என்று தெரிந்து.

மாசி 13, 07:20

"ராத்தா உயிரோட இருக்கார். பேசினார். எம் பேரச் சொன்னார்."

"எங்கம்மா?"

"வளையத்துல. போகணும். இப்பவே போகணும்."

"இந்தக் கலம் பனிக்குள்ள போற கலம் இல்லம்மா. போகச் சொன்னாலும் போறதுக்கே ஒரு நாள் ஆவும். அந்தப் பிள்ளைட்ட எவ்வளவு காத்து இருக்கும்?"

எனக்குத் தெரியும். ஒற்றை ஆள் படகுக்கு ஒரு நாள் காற்று. உடைந்த படகுக்கு அதிலும் குறைவு. பிலோமியின் படகை அழைத்தேன். நாலாம் படகு பதில் சொல்லவில்லை. அவர்கள் இனி கூடலைக் கேட்பதில்லை. நான்தான் அந்தக் கிளையை வெட்டினேன். மற்றவையும் அப்படியே.

"நான் வரல ராத்தா. நீங்க போங்க. அவர் கேட்டுக்கிட்டு இருக்கார். அவர் கேக்குற வரைக்கும் நான் பேசணும்."

"பைத்தியமாம்மா நீ? அதுக்கப்புறம்? ஒரு வருசம்! யாரு வருவா உன்னத் தேடி?"

"வரலன்னா வரல."

மைக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் ஏழாம் கிளையில் போயிருக்கிறது.

மாசி 13, 07:36

07:35.

"போறேன்."

தெளிவாக. அவசரமில்லாமல். 'றே' கொஞ்சம் நீண்டது, கீரைக்காரர் கூவுகிற மாதிரி. கேலி செய்கிறார். அந்த நிலையிலும்.

இயந்திரம் எழுதியது:

'விலகல் ஏற்கப்பட்டது. கிளை ஏழு நீக்கப்பட்டது. கேட்பவர்: இல்லை. நிலையம் மூடத் தயார்.'

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. இயந்திரம் முதல்முறையாக ஒரு கிளையைத் தானே, சரியாக, விதிப்படி நீக்கியிருக்கிறது. எனக்கு வெட்ட வேலை வைக்கவில்லை.

பேரைச் சொன்னால் சொல்கிறேன் என்றார். சொல்லிவிட்டார்.

மாசி 13, 08:07

08:05 வரை காத்திருந்தேன். சொல் வரவில்லை. என்னால் சேர்க்க முடியாது. சேர்க்கை அந்தப் பக்கமிருந்துதான் வரவேண்டும். முதல் பதிவில் எழுதியிருக்கிறேன்.

ராத்தா கதவைத் தட்டுகிறார். திட்டவில்லை. தட்டுகிறார்.

மாசி 13, 08:21. கடைசிப் பதிவு

குறிப்பேட்டை மேசையில் வைக்கிறேன். பின்னால் வருபவருக்கு: குழாயில் கசிவு மறுபடி வரும், இறுக்கிக்கொள்ளுங்கள். சேமித்த ஒலிகள் மூன்றாம் பெட்டியில் இருக்கின்றன. அழிக்க வேண்டாம். யாராவது சுற்றி வந்தால், குறுக்கு வழி இருக்கும்போதும் சுற்றி வந்தால், உங்கள் பேரை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூடும் விசைக்கு முன் மைக்கை எடுத்தேன். ஏழாம் படகின் திசைக்கு ஒரே ஒரு சொல் சொன்னேன். எழுதிவைத்துக்கொள்ளவில்லை. எந்த வாரேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வாரேன்."

'கேட்பவர் இல்லை. அனுப்பப்படவில்லை.'